அரிசி மூட்டைக்கு அப்புறம்: காசிமேட்டிலும் கார்கில் நகரிலும் கற்றவை

எங்கேயாவது நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் போதும், ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வாலிபர்கள் வந்து நிற்பார்கள். 2015-இல் நேபாளத்துக்கு வந்தார்கள், 2023 பிப்ரவரியில் துருக்கிக்கு வந்தார்கள். "அக்கா, நாம என்ன அனுப்பலாம்? யாராவது நேர்ல போகலாமா?" என் பதில் மாறுவதில்லை. அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற அமைப்புக்குப் பணமாக அனுப்புங்கள், பழைய துணி அனுப்பாதீர்கள், மொழி தெரியாத ஊருக்கு முதல் வாரத்திலேயே போய் அவர்கள் சோற்றிலும் தண்ணீரிலும் பங்கு கேட்காதீர்கள். உடனே முகம் சுருங்கிவிடும். "நீங்க மட்டும் செஞ்சீங்களே?" என்பார்கள்.

செய்தோம். ஆனால் நாங்கள் எங்கும் போகவில்லை. நிலநடுக்கம்தான் எங்களைத் தேடி வந்தது. 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி ஆறரை மணிக்குச் சற்று முன், சுமத்திராவின் வடக்குப் பக்கம் கடலடியில் பூமி பிளந்தது. ரிக்டர் கணக்கு என்று அன்றைக்குச் சொன்னது ஒன்று, பிறகு திருத்திய கணக்கு 9.1. அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர். தண்டையார்பேட்டையில் மாடி வீட்டுக்காரர்கள் சிலர் கட்டில் ஆடியது என்றார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு வேறு. ஒன்பது மணி வாக்கில் சுனாமி வந்தது, வடசென்னையில் எங்கள் பக்கத்துக் காசிமேட்டில் தண்ணீர் ஏறியது. துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன, கடற்கரைச் சாலையை ஒட்டியிருந்த குடிசைகள் வரிசை வரிசையாகப் போயின.

தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் ஆறாயிரத்துக்கும் மேல் நாகை மாவட்டத்தில். சென்னையில் இருநூறு வாக்கில். இந்தக் கணக்கு எங்கள் பக்கத்துக்கு ஒரு விதத்தில் பாதகமாகப் போனது. சாவு குறைவு என்றால் சேதமும் குறைவு என்று வெளியில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் கேமராக்கள் நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்விட்டன. இங்கே பள்ளிக்கூடங்களில் படுத்துக் கிடந்த குடும்பங்கள் அப்படியேதான் இருந்தன.

நான் அப்போது ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சபையில் பெண்கள் ஐக்கியத்தின் நோட்டுப் புத்தகமும் என்னிடம்தான் இருக்கும். அதனால் நிவாரணம் என்றதும் சமையல் ஒருவருக்கு, வண்டி ஒருவருக்கு, கணக்கு எனக்கு என்று பிரிந்தது. இங்கே சொல்வதெல்லாம் அந்த நோட்டு வழியாகப் பார்த்தது.

முதல் சில நாட்கள் சோறு. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயிலிலிருந்து புளியோதரை வந்தது, பள்ளிவாசல்காரர்கள் அண்டாவோடு வந்தார்கள், எங்கள் பக்கம் சாம்பார் சாதம். ஒரு கட்டத்தில் மதியச் சாப்பாடு மூன்று தரப்பிலிருந்து ஒரே நேரத்தில் வந்து, இரவுக்கு ஒன்றுமில்லாமல் போனது. போதகர் ஐயா மற்ற இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, காலை இவர்கள், மதியம் அவர்கள், இரவு நாம் என்று பிரித்தார். அது ஒரு டீக்கடை பெஞ்சில் நடந்தது. பேரிடர் மேலாண்மைக் கூட்டம் என்று பெரிய பெரிய அறைகளில் பின்னாளில் பார்த்ததெல்லாம் அதே பேச்சுதான்.

துணி விஷயம் மட்டும் சொல்லியே ஆகவேண்டும். மூட்டை மூட்டையாக வந்தது. பிரித்தால் கோட்டு, ஜிப் போன பேண்ட், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் யூனிபார்ம், ஒற்றைச் செருப்பு, கிழிந்த பட்டுப் பாவாடை. தெருவோரத்தில் கொட்டிக் கிடந்ததை ஒரு அம்மா காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க இன்னா பிச்சைக்காரங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முந்தாநாள் வரை தன் கைக்காசில் புடவை எடுத்துக் கட்டியவர் அவர். பெண்களுக்கு அப்போது தேவைப்பட்டவை புது உள்ளாடை, நைட்டி, நாப்கின், ஒரு வாளி, ஒரு குடம், பாய், மண்ணெண்ணெய் ஸ்டவ். இதை யாரும் மூட்டையில் போட்டு அனுப்பவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. ஆண் தொண்டர்களிடம் இதை அவர்களாகவும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேர் சாயந்திரம் சும்மா போய் உட்கார்ந்து பேசியதில்தான் பட்டியல் வந்தது. நிவாரணத்துக்குப் போகிற எந்தக் குழுவிலும் பாதியாவது பெண்கள் இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

டிசம்பர் 30 அன்று மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய அரசிலிருந்து எச்சரிக்கை வந்தது. கடைசியில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எச்சரிக்கை டிவியில் ஓடியதும் கடற்கரைப் பக்கம் மொத்தமும் கிளம்பிவிட்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள், சாலையில் லாரிகள் அப்படியே நின்றன. முகாமில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த தன்னார்வலர்களும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், உயிர் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நடக்க முடியாத இரண்டு பாட்டிகள் பாயில் உட்கார்ந்தபடி இருந்தார்கள். வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனான். மறுநாளே ஒரு தாள் ஒட்டினோம்: முகாமில் யார் யாரால் ஓட முடியாது, அவரவரை யார் தூக்குவது, எந்தத் தெரு வழியாகப் போவது. 2005 மார்ச் 28 இரவு நியாஸ் தீவுப் பக்கம் 8.6 அளவில் பூமி அதிர்ந்து மறுபடி ஊர் கிளம்பியபோது அந்தத் தாள் உதவியது. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. அதுவரை வதந்திதான் எங்கள் எச்சரிக்கை மையம்.

இனி பேனர். கிறிஸ்தவக் குழுவாகப் போகிறவர்கள் தப்பிக்க முடியாத விஷயம் இது. சபைக் கமிட்டியில் ஒரு சாயந்திரம் முழுக்க இதுவே ஓடியது. சபைப் பெயர் போட்ட பேனர் வேண்டும், பனியன் வேண்டும், வசனம் அச்சடித்த சிறு புத்தகம் ஒன்றை அரிசிப் பைக்குள் வைக்கலாம் என்று ஒரு கட்சி. வேறு சில குழுக்கள் அப்படி வைத்துக்கொண்டும் இருந்தார்கள். அந்தப் பைகளை வாங்கியவர்கள் புத்தகத்தை என்ன செய்தார்கள் என்பதை நான் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்க உதவியது. அதைவிட மோசம், அடுத்து வந்த எங்களைப் பார்த்து ஊர்ப் பெரியவர் ஒருவர், "சோறு குடுக்க வந்தீங்களா, ஆள் புடிக்க வந்தீங்களா?" என்று நேராகவே கேட்டார். காசிமேட்டில் மாதா கோயிலுக்குப் போகிறவரும் உண்டு, கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவரும் உண்டு, ஒரே குடும்பத்தில் இரண்டும் உண்டு. அந்த இடத்தில் இப்படி ஒரு சந்தேகம் விழுந்தால் உதவி பிரிவினையாகிவிடும்.

போதகர் ஐயா கமிட்டியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார், ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், மற்ற ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதோடு பேனர் பேச்சு முடிந்தது. பின்னால் கிறிஸ்தவ நிவாரண அமைப்பு ஒன்று நடத்திய பயிற்சியில்தான் எனக்குத் தெரிந்தது, இது ஏற்கெனவே எழுதி வைத்த விதி என்று. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை விதிகள் பத்து. அதில் மூன்றாவது, உதவியை அரசியல் கருத்தையோ மதக் கருத்தையோ வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்பது. அதை வகுத்தவர்கள் வரிசையில் கத்தோலிக்கர்களின் கரித்தாஸ், லுத்தரன் உலக சம்மேளனம், உலகத் திருச்சபைகள் மன்றம் எல்லாம் இருக்கின்றன. அதாவது நம்மவர்களே கையெழுத்திட்டது. வசனப் புத்தகம் வைக்கலாமா என்று இப்போதும் யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன், அப்புறம் வாதம் நீளாது.

ஜெபம் கேட்டவர்களுக்கு ஜெபித்தோம். நிறையப் பேர் கேட்டார்கள், அவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். கேட்காதவர்களிடம் எடுக்கவில்லை. பொருள் கொடுக்கிற நேரத்தில் மட்டும் யார் கேட்டாலும் ஜெபம் இல்லை, அது முடிந்து வரிசை கலைந்த பிறகுதான் என்று வைத்திருந்தோம். அரிசி வாங்க வந்தவர் கண்ணை மூடி நிற்கவேண்டுமோ என்று ஒரு கணம்கூட யோசிக்கக் கூடாது.

வரிசை என்றதும் சொல்லவேண்டியது, 2005. அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் தொடங்கிய மழை சென்னையை மூழ்கடித்தது. நவம்பரில் வியாசர்பாடியில் வெள்ள நிவாரணம் வாங்க வந்த கூட்டத்தில் நெரிசல், 6 பேர் இறந்தார்கள். டிசம்பர் 18 அதிகாலை எம்.ஜி.ஆர். நகர் பள்ளிக்கூட வாசலில் டோக்கனுக்கு நின்ற கூட்டத்தில் 42 பேர். வெள்ளத்தில் தப்பியவர்கள் நிவாரணத்தில் செத்தார்கள். வியாசர்பாடி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் யாரும் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி மேலிருந்து பொட்டலம் வீசுகிற வேலையைப் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

நாங்கள் பழகிக்கொண்ட முறை இதுதான். டோக்கன் கொடுக்கும் இடமும் பொருள் கொடுக்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. டோக்கனை முந்தின நாள் இரவு வீட்டு வாசலிலேயே போய்ப் பெயரெழுதிக் கொடுக்கவேண்டும். டோக்கனில் நேரம் இருக்கவேண்டும்: பத்து மணிக்கு இந்தத் தெரு, பதினொன்றுக்கு அடுத்த தெரு. கேட்டைப் பாதி திறந்து வைக்கவே கூடாது, பாதி திறந்த கேட்தான் ஆட்களை நெருக்கும். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி. ஒருவர் வரிசையோரமாக நடந்துகொண்டே "கடைசி ஆளுக்கும் இருக்கு, கடைசி ஆளுக்கும் இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், அது உண்மையாகவும் இருக்கவேண்டும். டோக்கன் எண்ணிக்கையைவிடப் பத்துப் பை கூடுதலாக வைத்திருங்கள். பெயர் விட்டுப்போனவர் நிச்சயம் வருவார், அவரோடு அந்த இடத்தில் வாதாடினால் பின்னால் நிற்பவர்களுக்குப் பதற்றம் தொற்றும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முடிந்ததும் பேசுங்கள்.

பெயர் விட்டுப்போனவர்கள். இதுதான் நான் முக்கியமாக எழுத நினைத்தது. மற்றதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள்.

நிவாரணப் பட்டியல் யார் கையிலிருந்து வருகிறதோ அவர் கண்ணுக்குத் தெரிந்தவர்கள்தான் அதில் இருப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பட்டியலில் படகு வைத்திருப்பவர், படகில் போகும் ஆண்கள். ரேஷன் கார்டு வைத்து எழுதினால் கார்டு உள்ள குடும்பம். ஒரே குடிசையில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்தால் கார்டு ஒன்றுதான். வாடகைக்கு இருந்தவர் பெயர் எங்கும் இல்லை, வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். புருஷன் விட்டுப்போன பெண் இன்னும் அவன் கார்டில் இருப்பாள், அவன் இன்னொரு இடத்தில் நிவாரணம் வாங்கியிருப்பான். ஐஸ் உடைப்பவர், மீன் தூக்குபவர், கருவாடு காயவைப்பவர், தெருத் தெருவாகக் கூடை சுமப்பவர், இவர்களெல்லாம் கடலை நம்பிப் பிழைத்தவர்கள்தான், ஆனால் மீனவர் என்ற கட்டத்துக்குள் வரமாட்டார்கள்.

நாங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தோம். "உங்க குடும்பத்துல எத்தனை பேர்?" என்று கேட்டால் கார்டில் உள்ள எண்ணிக்கையைச் சொல்வார்கள். "நேத்து ராத்திரி இங்க யார் யார் படுத்தாங்க?" என்று கேட்டால் உண்மையான எண்ணிக்கை வரும். காலையில் போகக் கூடாது, கூடைக்காரப் பெண்கள் வியாபாரத்துக்குப் போயிருப்பார்கள். மதியம் இரண்டு மூன்று மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். ஒரு தெருவை எழுதி முடித்ததும் அங்கேயே நின்று பெயர்களை உரக்கப் படிப்பேன். யாராவது, "அந்தக் கடைசி வூட்டு ஆயாவ உட்டுட்டியேம்மா" என்பார்கள். பொய்ப் பெயர் இருந்தால் அதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இதைவிட நல்ல சரிபார்ப்பு எந்த ஆபீசிலும் நான் பார்த்ததில்லை.

பட்டியல் முடிந்ததும் காகிதம். தண்ணீரில் போனது வீடு மட்டுமில்லை, கார்டு, பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம்தான். தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், "போட்டோ இல்ல, நாளைக்கு வா" என்று கேட்டுவிட்டுத் திரும்புவதை யாராலும் தாங்க முடியாது. அதனால் போட்டோ எடுப்பவரை முகாமுக்கே கூட்டிவந்தோம். மனு எழுதத் தெரிந்த ரிட்டயர்டு ஆசிரியர்கள் சபையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு ஜெராக்ஸ், பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரை, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். 2005 மார்ச்சில் வீடுகள் பற்றி அரசாணை வந்தபோது, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு என்ன, வெளியே போகச் சம்மதித்தால் என்ன, சம்மதிக்காவிட்டால் என்ன என்று அதைப் படித்து எளிதாகச் சொன்னதும் அந்த மேசையில்தான். இந்த வேலைக்குக் கேமராவும் வராது, சாட்சி சொல்லவும் ஒன்றுமிருக்காது. ஆனால் வயதானவர்களும், ஓடியாட முடியாதவர்களும், கூச்ச சுபாவம் உள்ளவர்களும் செய்யக்கூடிய உருப்படியான வேலை இது. "நான் என்ன பண்ண முடியும்" என்று சபையில் ஒதுங்கி நிற்பவர்களை இங்கே உட்கார வையுங்கள்.

காசிமேடு பக்கக் குடும்பங்கள் நிறையப் பேரைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் குடிவைத்தார்கள். தார் பூசிய அட்டைதான் சுவரும் கூரையும். ஏப்ரல் வெயிலில் மதியம் உள்ளே கை வைத்தால் அட்டை இளகி ஒட்டும். மழை வந்ததும் தாழ்வான அந்த இடம் முழுக்கத் தண்ணீர். நிவாரண வேலையில் உலக அளவில் பின்பற்றுகிற ஸ்பியர் அளவுகோல்கள் என்று ஒன்று உண்டு: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், தலைக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அதைத் தெரிந்துகொண்டதில் ஒரு பலன், அதிகாரிகளிடம் "கஷ்டமா இருக்கு" என்று அழுவதற்குப் பதில் எண்ணிச் சொல்ல முடிந்தது. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம், லாரி வந்தபோது எத்தனை குடம் நிறைந்தது, எத்தனை பேர் என்று எழுதிக் கொண்டுபோனால் பதில் வேறு மாதிரி வரும்.

வெளியூர், வெளிநாட்டுக் குழுக்களும் வந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். ஆனால் வந்த ஒவ்வொருவரும் குழந்தைகளை உட்கார வைத்து அலையைப் படம் வரையச் சொன்னார்கள். ஒரு பெண் குழந்தை கடைசியில், "நீல கலர் தீந்துபோச்சு, வேற படம் வரையட்டா?" என்று கேட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை சுனாமிக்குப் பிறகு உள்ளூர்த் தொண்டர்களுக்கு மனநல உதவி பற்றிப் பயிற்சி கொடுத்தது. அதன் சாரம் எனக்குப் புரிந்தவரை இதுதான்: கேள்வி கேட்டுக் கிளறாதே, பேசினால் கேள், பள்ளிக்கூடம், விளையாட்டு, வேலை என்று பழைய நாளைத் திரும்பக் கொண்டுவா, தூங்காமல் சாப்பிடாமல் இருப்பவரை மருத்துவரிடம் அனுப்பு. வந்து போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, வாக்குக் கொடுக்காதீர்கள். "திரும்ப வரேன்" என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறுவது சின்ன விஷயமில்லை.

இப்போது கூடைக்காரப் பெண்களுக்கு வருகிறேன். 2005 முதல் பாதியில் காசிமேட்டில் படகு கொடுக்காத அமைப்பே இல்லை. ஃபைபர் படகு, வலை, இன்ஜின். போட்டோவுக்குப் படகு நன்றாக இருக்கும். முன்பு படகே வைத்திராதவர்கள்கூட வாங்கினார்கள். எங்கள் வரிசையில் ஒரு ஆயா இருந்தார். வயது அறுபதுக்கு மேல். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து அயனாவரம் பக்கம் தெருக்களில் விற்றவர். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "போட்டு வெச்சிருந்தவனுக்கு போட்டு குடுக்கிறாங்க. நான் இன்னாத்தக் காட்டிக் கேக்கிறது? கூடையக் காட்டியா?"

அவர் இழந்தது ஒரு அலுமினிய அன்னக்கூடை, ஒரு அரிவாள்மணை, இடுப்புச் சுருக்குப்பையில் சுழன்றுகொண்டிருந்த கைமுதல். அந்தக் கைமுதல் இல்லாமல் காலை ஏலத்தில் மீன் எடுக்க முடியாது. அத்தோடு, பிணம் தின்ற மீன் என்று ஊரெல்லாம் பேச்சாகி மாதக்கணக்கில் யாரும் மீன் வாங்கவில்லை. ஏப்ரல் 15 வந்ததும் மீன்பிடித் தடைக்காலம், அப்போது 45 நாள். மீதி வழி தண்டல்தான். ஆயிரம் ரூபாய் என்று கையெழுத்து வாங்கி 850 தருவார்கள், தினம் பத்து ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். நடுவில் மழையோ காய்ச்சலோ வந்தால் அதைக் கட்ட இன்னொரு தண்டல்.

எங்கள் சபையால் படகு வாங்க முடியாது. ஆளுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சுழற்சிக் கடனாகக் கொடுக்க முடியும். வட்டி இல்லை, வாரா வாரம் முடிந்ததைக் கட்டலாம். கமிட்டியில் பொருளர் அண்ணன் சண்டை பிடித்தார். "ஜாமீன் இல்ல, பத்திரம் இல்ல, காணிக்கைப் பணம்மா இது, ஆடிட்டர் கேட்டா என்ன சொல்றது?" அவர் கேட்டது நியாயம்தான். அதனால் பத்துப் பெண்களுக்கு ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் அடுத்தவருக்குக் கடன் தள்ளிப்போகும் என்று அவர்களே விதி போட்டுக்கொண்டார்கள். வசூல் நோட்டு அவர்களில் எட்டாவது வரை படித்த ஒருத்தியிடம். பணம் திரும்பி வந்தது. முழுதாக இல்லை, ஆனால் பொருளர் அண்ணன் வாயடைக்கும் அளவுக்கு வந்தது. தடைக்காலத்தில் வசூல் நிறுத்தினோம், அதனால்தான் வந்தது என்று நினைக்கிறேன். தண்டல்காரர் நிறுத்த மாட்டார்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. வீடு தூரமானால் கைமுதல் போதாது. காசிமேட்டு ஏலம் விடியுமுன் தொடங்கும். கார்கில் நகரிலிருந்தோ எர்ணாவூரிலிருந்தோ அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தால் லாபத்தில் பாதி போய்விடும். செம்மஞ்சேரியில் அடுக்குமாடி வீடு கிடைத்துப் போன குடும்பங்களுக்கு நகரத்தின் அந்தக் கோடி, முப்பது கிலோமீட்டருக்கும் மேல். வீடு வந்தது, வேலை போனது. 2007 ஜனவரியில் எர்ணாவூர் முகாமிலிருந்த பெண்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்ற விவகாரம் செய்தியாக வெடித்தது. சுனாமி முடிந்து இரண்டு வருஷம். வந்த குழுக்களில் பெரும்பாலோர் அறிக்கை எழுதி முடித்துப் போயிருந்தார்கள். நிவாரணத்துக்கு வருகிறவர்கள் எத்தனை மாதத்துக்கு வருகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யவேண்டும் என்று நான் சொல்லும்போது இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பத்து லட்சத்தை ஒரு வாரத்தில் செலவழிப்பதைவிட இரண்டு லட்சத்தை இரண்டு வருஷத்துக்குப் பிரித்துச் செலவழிக்கிற சபை அதிகம் செய்யும்.

2015 வெள்ளத்தில் எங்கள் வீடுகளிலேயே தண்ணீர், அதனால் ஊரை விட்டு எங்கும் போகாமல் தெருவையே பார்த்துக்கொண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் ஆட்கள் வாளியும் மக்குமாகக் கையாலேயே அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாலிபர்கள் அரிசிக்குப் பணம் திரட்டி வைத்திருந்தார்கள். முதலில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். உடம்பில் ஒட்டியதை எடுக்கத் தேங்காய் எண்ணெயும் சோப்பும், கையுறை, எண்ணெய் ஊறிய வலைக்கு மாற்று என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் கூடைக்காரப் பெண்கள் சொன்னது: எண்ணூர் மீன் என்றாலே யாரும் வாங்குவதில்லை, வேறு இடத்து ஏலத்தில் எடுக்கக் கைமுதல் வேண்டும்.

இப்போதைய பொருளர் சின்ன வயசுக்காரர், வங்கியில் வேலை. அவரும் ஜாமீன் என்ன என்றுதான் கேட்டார். பழைய நோட்டைக் கொடுத்தேன், இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். அரிசிப் பணத்தில் பாதியைக் கடனுக்கு ஒதுக்கினார்கள், தவணை மீன் விற்க ஆரம்பித்த பிறகு என்று எழுதிக்கொண்டார்கள். பொங்கல் கழிந்துதான் முதல் வசூல் வந்தது. சிலர் இன்னும் கட்டி முடிக்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.